தென்னையில் கருந்தலைப்புழு: மருந்தைத் தேடும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

தை பிறந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரியான போன் வர ஆரம்பிக்கும். "சார், அடி மட்டையெல்லாம் காய்ஞ்சுட்டு வருது. தண்ணி பத்தலைங்களா? இல்ல ஏதாவது சத்துக் குறையா?" என்பார்கள். நான் திருப்பி ஒரே கேள்விதான் கேட்பேன். "ஓலையைத் திருப்பிப் பாத்தீங்களா?" பத்தில் எட்டுப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். தென்னை உயரமான மரம். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

தென்னை இலை உதிர்க்காத மரம். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். அதனால் அதைத் தின்னும் புழுவுக்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு உண்டு. இலை உதிர்க்கிற மரமாக இருந்தால் புழுவுக்கு ஒரு பஞ்சகாலம் வரும். தென்னந்தோப்பில் அது கிடையாது. இங்கே புழுவுக்கு வரும் பஞ்சம் இரண்டே வகை. ஒன்று மழைக்காலம், இன்னொன்று அதன் எதிரிகள். மழை நம் கையில் இல்லை. எதிரிகளை வளர்ப்பதும் கெடுப்பதும் நம் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தூரத்தில் இருந்து பார்த்தால் அடி மட்டைகள் நெருப்பில் வாட்டியது போல இருக்கும். வறட்சியில் காய்கிற மட்டையும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். அதனால் தூரத்துப் பார்வையை நம்பக்கூடாது. துறட்டி போட்டு ஒரு மட்டையை இறக்குங்கள். ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஈர்க்கை ஒட்டி நீளமாக ஒரு குகை மாதிரி தெரியும். நூலாம்படையும் மரத்தூள் போன்ற எச்சமும் சேர்த்துக் கட்டிய சுரங்கம் அது. விரல் நகத்தால் அதைக் கீறினால் உள்ளே புழு இருக்கும்.

பச்சை கலந்த பழுப்பு உடம்பு. உடம்பு நெடுக பழுப்புக் கோடுகள். கருத்த தலை. கழுத்துப் பக்கம் கொஞ்சம் சிவப்பு. நன்கு வளர்ந்த புழு ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். தொட்டால் சுரங்கத்துக்குள்ளேயே விறுவிறுவென்று பின்னோக்கி ஓடும். இதுதான் கருந்தலைப்புழு. பனை ஓலையிலும் இது வாழும். அதனால் வேலியோரம் பனை நிற்கிற தோப்பில் பனையையும் பார்க்க வேண்டும்.

இந்தப் புழு ஓலையை ஓட்டை போட்டுத் தின்னாது. அடிப்பக்கத்தில் உள்ள பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். மேல்தோல் அப்படியே நிற்கும். மேலே இருந்து பார்த்தால் ஓலை முழுசாகத்தான் இருக்கும், ஆனால் காய்ந்த திட்டுகளாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தத் திட்டு கண்ணாடித் தாள் மாதிரித் தெரியும்.

இதோடு குழப்பிக்கொள்கிற மற்ற தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன்.

மட்டை விரிந்ததும் விசிறி மாதிரி, கத்தரியால் வெட்டியது போல இருந்தால் அது காண்டாமிருக வண்டு. ஓலையின் மேல்பக்கம் கரி பூசியது போல இருந்து, அடியில் வெள்ளை மெழுகுச் சுருள் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. நம் பகுதிக்கு 2016-ல் வந்து சேர்ந்த விருந்தாளி அது. ஓலையில் சாம்பல் நிறப் புள்ளிகள், ஓரம் பழுப்பு, அடியில் சுரங்கம் இல்லை என்றால் அது இலைக்கருகல் நோய். அடி மட்டைகள் நுனியில் இருந்து மஞ்சளாகிக் காய்ந்து, சுரங்கமும் புள்ளியும் இல்லை என்றால் தண்ணீரையும் சாம்பல் சத்தையும் கவனியுங்கள்.

சுரங்கம் இருந்தால் புழு. சுரங்கம் இல்லை என்றால் வேறு காரணம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், தேவையில்லாத செலவு பாதி மிச்சம்.

புழுவின் நாள்கணக்கு

தாய் அந்துப்பூச்சி சாம்பல் நிறம். பகலில் ஓலைக்கு அடியில் ஒளிந்திருக்கும், இரவில் பறக்கும். ஒரு வாரத்துக்குள் அதன் ஆயுசு முடிந்துவிடும். அதற்குள் 130 முட்டை வரை ஓலையின் அடிப்பக்கம் இட்டுவிடும். பழைய சுரங்கம் இருக்கிற ஓலையாகப் பார்த்து இடுவதில் அதற்குத் தனி விருப்பம்.

முட்டை பொரிக்க 5 நாள். புழுப் பருவம் ஏறத்தாழ 40 நாள். கூட்டுப்புழு 12 நாள். ஆக முட்டையில் இருந்து அந்துப்பூச்சி வரை இரண்டு மாதம். தின்பது அந்த நாற்பது நாள் மட்டும்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வட்டிக் கணக்கு பார்த்த எனக்கு இதைக் கூட்டு வட்டியாகத்தான் யோசிக்க வருகிறது. 130 முட்டையில் நூற்றுக்குப் பத்துதான் தப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 13 அந்துப்பூச்சி. அதில் பாதி பெண் என்றால் ஆறு. ஒன்று இரண்டு மாதத்தில் ஆறாகிறது. நாலு மாதத்தில் 36. ஆறு மாதத்தில் 216. இது ஒரு மாதிரிக் கணக்குதான். ஆனால் தையில் ஓரிரண்டு மட்டையில் இருந்த புழு சித்திரையில் தோப்பையே எப்படிக் கருக்குகிறது என்பது இதில் புரியும். கோடையில் வெயில் ஏற ஏறத் தொல்லை கூடும். மழை பிடித்தால் தானாகக் குறையும்.

இதற்கு இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். நல்ல மரத்தில் 30 முதல் 40 மட்டை இருக்கும். மாதத்துக்கு ஒன்று என்கிற அளவில்தான் புது மட்டை விரியும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. ஒரு கோடையில் பதினைந்து மட்டை கருகினால் அந்த இடத்தை நிரப்ப மரத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அது மட்டுமில்லை. இன்று விரிகிற பாளையின் கரு இரண்டரை வருஷத்துக்கு முன்பே குருத்துக்குள் உண்டாகிவிடுகிறது. இன்றைக்கு மரம் பட்டினி கிடந்தால் அது நாளைய, நாளை மறுநாளைய வெட்டிலும் தெரியும்.

கடுமையாகப் புழு தாக்கிய தோப்பில் அடுத்த வருஷக் காய்ப்பு 45 சதவிகிதம் வரை குறையும் என்று காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. நான் பயிர்க்கடன் கொடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவன். மட்டை கருகுகிற வருஷத்தில் விவசாயி தவணை கட்டிவிடுவார். கையில் பழைய காய் இருக்கும். அதற்கு அடுத்த வருஷம்தான் நகை உள்ளே வரும். இந்தப் புழு விஷயத்தில் நஷ்டம் தாமதமாக வருவதால் பலருக்குக் காரணமும் விளைவும் சேர்ந்து தெரிவதில்லை.

எறும்பு மாதிரி ஒரு குளவி

கருந்தலைப்புழுவுக்கு இயற்கையிலேயே எதிரிகள் அதிகம். சிலந்தி உண்டு, தரைவண்டு வகை உண்டு. முட்டையிலிருந்து வந்த சின்னப் புழுவைத் தாக்கும் குளவி, பெரிய புழுவைத் தாக்கும் குளவி, கூட்டுப்புழுவைத் தாக்கும் குளவி என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஆள் இருக்கிறது. இதில் நாம் வளர்த்து விடக்கூடியவை முக்கியமாக இரண்டு. ஒன்று கோனியோசஸ் நெபான்டிடிஸ். வேளாண் துறைக்காரர்கள் பெத்திலிட் ஒட்டுண்ணி என்பார்கள். இன்னொன்று பிரக்கான் பிரெவிகார்னிஸ். இரண்டுமே புழுப் பருவத்தைத் தாக்குபவை. மனிதரைக் கொட்டாது.

கோனியோசஸ் பார்க்கச் சின்னக் கறுப்பு எறும்பு மாதிரி இருக்கும். சுரங்கத்துக்குள் நுழைந்து, புழுவைக் கொட்டி அசையாமல் செய்துவிடும். பிறகு அதன் உடம்பின் மேல் பத்து முட்டை அளவில் இடும். அதோடு போய்விடாது. குஞ்சுகள் அந்தப் புழுவை உறிஞ்சி வளர்ந்து கூடு கட்டும் வரை தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். பூச்சி உலகத்தில் இப்படிப் பிள்ளை வளர்ப்பது அபூர்வம். பிறக்கிறதில் பெரும்பங்கு பெண்ணாகவே இருக்கும்.

முக்கியமான கணக்கு இது. குளவியின் சுற்று ஏறத்தாழ இரண்டு வாரம். புழுவின் ஒரு சுற்றுக்குள் குளவிக்கு நாலு சுற்று. புழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வட்டி சேர்க்கிறது, குளவி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சேர்க்கிறது. நியாயமாகப் பார்த்தால் குளவிதான் ஜெயிக்க வேண்டும். அது ஜெயிக்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. விடுகிற நேரத்தில் தோப்பில் புழுவே இல்லாமல் எல்லாம் கூட்டுப்புழுவாக இருக்கலாம். அல்லது பக்கத்தில் யாராவது விஷம் தெளித்திருக்கலாம். அல்லது தோப்பே கருகிய பிறகு, ரொம்பத் தாமதமாக விட்டிருக்கலாம்.

எதிரி இல்லாத ஊரில் இந்தப் புழு என்ன செய்யும் என்பதற்குத் தாய்லாந்து சாட்சி. அங்கே 2007-ல் பிரசுவாப் கிரி கான் மாகாணத்தில் இது முதலில் தென்பட்டது. இங்கே உள்ள குளவிகள் அங்கே இல்லை. புழு மளமளவென்று பரவியது. கடைசியில் இலங்கையில் இருந்து கோனியோசஸ் குளவியை வரவழைத்து வளர்த்து விட்டார்கள். அவர்கள் கடல் தாண்டிக் கொண்டுபோன சொத்து நம் தோப்பில் சும்மாவே இருக்கிறது.

எண்ணிப் பார்த்து விடுங்கள்

நான் தோப்புக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை, இருபது மரத்துக்கு ஒரு மரம் என்று எடுத்து, ஒரு மட்டையில் பத்து ஓலையைத் திருப்பிப் பார்த்து எழுதுவேன். சின்னப் புழு எத்தனை, பெரிய புழு எத்தனை, கூட்டுப்புழு எத்தனை, காலிச் சுரங்கம் எத்தனை, குளவி பிடித்த புழு எத்தனை என்று ஐந்து பத்தி. குளவி பிடித்த புழு சுருங்கித் துவண்டு கிடக்கும். பக்கத்திலேயே சின்னச் சின்னக் கூடுகள் கொத்தாக இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், தாக்குதல் கடுமையான தோப்பில் புழுக்கள் பெரும்பாலும் ஒரே வயதில்தான் இருக்கும். எல்லாம் புழுவாக இருக்கும், அல்லது எல்லாம் கூட்டுப்புழுவாக இருக்கும். இளம்புழு கொஞ்சம் வளர்ந்து இரண்டாம், மூன்றாம் பருவத்தில் இருக்கும்போது குளவியை விட்டால் அதற்கு வேலை கிடைக்கும். எல்லாம் கூட்டுப்புழுவாக இருக்கும்போது விட்டால் குளவி பட்டினி கிடந்து சாகும். அப்போது ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கூட்டுப்புழுவுக்கு 12 நாள், அந்துப்பூச்சிக்கும் முட்டைக்கும் பத்து நாள், பொரித்த புழு கொஞ்சம் வளர இன்னும் ஒரு வாரம் பத்து நாள் என்று கூட்டிப் பாருங்கள்.

எவ்வளவு விடுவது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 3,000. ஏக்கருக்கு 1,200 வரும். மரக் கணக்கில் சொன்னால் கோனியோசஸ் மரத்துக்கு 20, பிரக்கான் என்றால் 30. ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் கோனியோசஸ் 1,400. இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜனவரியில் இருந்தே, புழுவின் பருவம் பார்த்து, விட்டுவிட்டு விட வேண்டும். ஒரே தடவை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

விடும்போது கவனிக்க வேண்டியவை:

- குளவி குப்பியில் வரும். வாங்கி வந்ததும் வெயிலில், வண்டிக்குள் வைத்துவிடாதீர்கள். பஞ்சில் அல்லது காகிதத்தில் துளி தேன் தொட்டு உள்ளே வையுங்கள்.
- புழுச் சுரங்கம் உள்ள ஓலைத்துண்டு இரண்டைக் குப்பிக்குள் போட்டு வைத்தால் அந்த எச்சத்தின் வாசனை குளவிக்குப் பழகிவிடும். வெளியே விட்டதும் அதே வாசனையைத் தேடிப் போகும்.
- வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள்.
- கொண்டையில் ஏறி விட வேண்டாம். அங்கே சிலந்தியும் கொலைகார நாவாய்ப் பூச்சியும் காத்திருக்கும். மரத்தின் கீழ்ப்பகுதியில் விட்டால் போதும், அதுவே ஏறிப் போகும்.
- தோப்பில் ரசாயன மருந்து தெளித்திருந்தால் மூன்று வாரமாவது கழித்து விடுங்கள்.

ஒட்டுண்ணி எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேளாண் துறையின் ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்கள், ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் ஆகிய இடங்களில் விசாரியுங்கள். கேட்ட அன்றே கிடைக்காது. முன்கூட்டிப் பதிந்து வைக்க வேண்டும். அதனால்தான் மார்கழியிலேயே ஓலையைத் திருப்பிப் பாருங்கள் என்கிறேன்.

மட்டையை எவ்வளவு வெட்டலாம்?

புழு ஆரம்ப நிலையில், அடியில் ரெண்டு மூணு மட்டையில் மட்டும் இருந்தால் வெட்டி இறக்கி எரித்துவிடலாம். மூடாக்குக்கு ஆகும் என்று அப்படியே வட்டப்பாத்தியில் போட்டால் உள்ளே உள்ள கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி மறுபடி மேலே போகும். மட்டையை எரிக்க எனக்கும் மனசு வராது. ஆனாலும் இந்த மட்டைக்கு மட்டும் விதிவிலக்கு.

அதே சமயம், பயத்தில் பாதிக் கொண்டையை மொட்டையடிக்காதீர்கள். பாதி காய்ந்த மட்டையின் மீதிப் பாதி இன்னும் மரத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அது குலையையும் தாங்குகிறது. குளவி பிடித்த புழு நிறைய உள்ள மட்டையை எரித்தால் குளவிக் குஞ்சையும் சேர்த்துத்தான் எரிக்கிறோம்.

வேர் வழி மருந்து

"வேரில் மருந்துப் பை கட்டினா ஒரே வாரத்தில் புழு செத்துப்போகும்" என்று இன்னும் சொல்கிறார்கள். மோனோகுரோட்டோபாஸ் மருந்தை வேர் வழி கொடுக்கும் பழைய முறை அது. அப்போதே, மருந்து கட்டினால் 45 நாள் காய் பறிக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏனென்றால் ஓலைக்கு ஏறுகிற மருந்து இளநீருக்கும் ஏறும். மோனோகுரோட்டோபாஸ் 36 சதவிகிதக் கரைசலைத் தடை செய்து மத்திய அரசே 2023-ல் ஆணை போட்டுவிட்டது. தெளிக்கச் சொன்ன டைகுளோர்வாஸ் 2020 முடிவோடு தடை. சட்டமே மூடிய கதவை நாம் தட்ட வேண்டாம்.

என் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் தோப்பு. அதன் சொந்தக்காரர் என்னைவிட மூத்தவர், இயற்கை விவசாயத்தில் நம்பிக்கை இல்லாதவர். ஒரு மாசி மாதம் அவர் தோப்பில்தான் புழு முதலில் ஏறியது. குளவிக் குப்பியைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், கொசுவாட்டம் இருக்குது. இதா அத்தனை புழுவையும் கொல்லப்போகுது?" என்றார். மருந்து கட்ட ஆள் பேசி வைத்திருந்தார்.

"அண்ணா, மருந்து கட்டினா நாப்பத்தஞ்சு நாளைக்கு உங்க பேரன் இளநி குடிக்கக் கூடாது. அந்தப் பையன் கேப்பானா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்து, "சரிங்க, ரெண்டு தோப்புக்கும் சேத்தே வாங்கிட்டு வாங்க. பாதிச் செலவு என்னுது" என்றார்.

இரண்டு தோப்பிலும் ஒரே மாலையில் விட்டோம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று மொத்தம் மூன்று தடவை. இரண்டாம் தடவைக்கு முன் ஓலை திருப்பும்போது துவண்ட புழுவும் கொத்துக் கூடுகளும் அவரே கண்டுபிடித்தார். அந்த வருஷம் கருகிய மட்டை கருகியதுதான், அடுத்த வருஷக் காயும் குறைந்தது. ஆனால் ஆனிக்குப் பிறகு விரிந்த மட்டை ஒன்றிலும் சுரங்கம் இல்லை.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். கருகிய ஓலை திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டு "குளவி வேலை செய்யலை" என்று முடிவுக்கு வராதீர்கள். புதிதாக விரிந்த மட்டையின் அடியைப் பாருங்கள். இரண்டாவது, அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. உங்கள் தோப்பில் மட்டும் குளவி விட்டு, பக்கத்தில் விஷம் அடித்தால் பணம் வீண். நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் விடுவதுதான் சிக்கனம்.

வருஷம் முழுக்கச் செய்ய வேண்டியது

குளவி புழுவைக் கொல்கிறது என்றாலும் அது குடித்து உயிர் வாழ்வது தேனை. தரையைச் சுத்தமாக உழுது, ஒரு பூ இல்லாமல் வைத்திருக்கும் தோப்பில் குளவி தங்காது. தட்டைப்பயறு, சணப்பு என்று ஏதாவது ஊடுபயிர் பூத்துக்கொண்டே இருக்கட்டும். வரப்போரத்தில் தும்பை நின்றால் நிற்கட்டும்.

விளக்குப் பொறி வைக்கலாம். அந்துப்பூச்சி நடமாட்டம் ஆரம்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் விடிய விடிய எரிய விட்டால் நன்மை செய்யும் பூச்சியும் வந்து விழும். நான் இரவு ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவேன்.

தாக்குண்ட மரத்துக்கு அந்த வருஷம் தொழு உரமும் தண்ணீரும் மூடாக்கும் குறையாமல் கொடுங்கள். புது மட்டை எவ்வளவு சீக்கிரம் விரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் மரம் தேறும்.

காலம் இப்படி வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் முதல் கணக்கெடுப்பு. புழு தெரிந்தால் உடனே ஒட்டுண்ணிக்குப் பதிவு, அடி மட்டை இரண்டு மூன்றை வெட்டி எரித்தல். தை, மாசி, பங்குனியில் பருவம் பார்த்துக் குளவி விடுதல். சித்திரை, வைகாசியில் மாதம் ஒரு கணக்கெடுப்பு. மழை பிடித்த பிறகு ஊடுபயிர் விதைப்பு. இவ்வளவுதான்.

இதற்குத் தேவையான கருவி ஒரு துறட்டியும் ஒரு நாற்பது பக்க நோட்டும். அடுத்த வெட்டுக்கு ஆள் வரும்போது மரத்துக்கு ஒரு மட்டை வீதம் நாலைந்து மரத்தில் இறக்கச் சொல்லி, ஓலையைத் திருப்பிப் பார்த்து, தேதி போட்டு எழுதி வையுங்கள்.